உருகிய பிளாட்டினம்

காலையில் கடை திறக்கிற நேரத்தில் ஒரு பெண்பிள்ளை துப்பறியும் நிபுணரைத் தேடி வந்தால், ஒன்று புருஷன் காணாமல் போயிருப்பான், இல்லை மாடு காணாமல் போயிருக்கும் என்பது பாதுஷாவின் கணக்கு. டவுன் ஹால் ரோட்டில் சோடாக் கடைக்கு மேலிருந்த அந்த அறையில் கருத்தக்கண்ணனுக்கு உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தப்பியதில்லை.

"மாடா, ஆளா?" என்று கேட்டான், படியேறி வந்தவளைப் பார்த்து.

"ரெண்டும் வீட்டுல பத்திரமா இருக்கு. மாடு வேலை செய்யுது" என்றாள் அவள்.

கண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டான். பேச்சிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வியாபாரக்காரி. அப்புறம்தான் காதுகளைப் பார்த்தான். தோள் வரை தொங்குகிற வளர்த்த காது. அதில் பாம்படம் ஆடவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டு துளைகள் மட்டும் காற்றோட்டமாக இருந்தன.

பெயர் செல்லத்தாய். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறாள். நிலம் குத்தகை, கொடியும் உழைப்பும் அவளுடையது. இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து, மேஜை மேல் வைத்து அவிழ்த்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டை விரல் அளவுக்கு ஓர் உலோகக் கட்டி.

"பிளாட்டினம்" என்றாள், தன் மகனுக்கு டிப்டி கலெக்டர் வேலை கிடைத்ததைச் சொல்கிற மாதிரி. "பாம்படத்துக்குள்ள இருந்த அரக்கை எடுத்துட்டு, தங்கத்தைக் கொடுத்து எடைக்கு எடை வாங்கினேன். குத்தகையைப் புதுப்பிக்கணும். ஈடா வச்சுக்கிருங்கன்னு நிலத்துக்காரர்கிட்டக் கொண்டுபோனா, 'இது என்ன ஈயமா'ங்கிறாரு. தங்கமா கொண்டுவா, இல்லாட்டி வெள்ளிக்கிழமை கொடிக்காலை உன் கொழுந்தன் பேருக்கு எழுதிருவேன்ங்கிறாரு. இது அசல்தான்னு நீங்க ஒரு தாளு எழுதிக் கொடுங்க. அவர் மூஞ்சியில விட்டெறியணும்."

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டான் கண்ணன்.

"வியாழன்."

பாதுஷா கட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தான். "தங்கத்தைக் கொடுத்துட்டு இதை ஏன் வாங்கினீங்க அக்கா? தங்கம் கடிச்சுச்சா?"

"நீ பேப்பர் படிக்கிறதில்லையா தம்பி? ரங்கூன் விழுந்திருச்சு. நாளைக்கு ஜப்பான்காரன் வந்தா மொதல்ல எதைப் பிடுங்குவான்? காதுல தொங்குறதை. இது வெள்ளையா இருக்கு. ஈயம்னு சொல்லிப் புளிப்பானைக்குள்ள போட்டுட்டா எவன் கண்டான்? அதுவும் போக, பதினைஞ்சு வருஷத்துக்கு முந்தி இது தங்கத்தைப் போல அஞ்சு மடங்கு வித்துச்சாம். இப்பக் கீழ விழுந்து தங்கத்துக்குச் சமமா கிடக்கு. விழுந்து கிடக்கையில வாங்கினாத்தானே லாபம்? வெத்திலையில நான் பார்க்காத ஏத்த இறக்கமா?"

கண்ணனுக்கு அவளைப் பாராட்டத் தோன்றியது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிளாட்டினம் அப்படித்தான் ஏறியது, அப்படித்தான் விழுந்தது. நல்ல மோசடி என்பது நல்ல சாம்பார் மாதிரி. முக்கால்வாசி அசல் சரக்கு இருக்கவேண்டும்.

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"ஸ்டேஷன் எதிர லாட்ஜு மாடியில மிஸ்டர் மாக்ஸ்னு ஒருத்தர். கல்கத்தாவுலருந்து வந்திருக்காரு. கோட்டு, தொப்பி, வெள்ளைக் கையுறை. தமிழ் அரைகுறை. நல்ல மனுஷன். என் பாம்படத்தைக் கையில வாங்கினதும் ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாருன்னாப் பாருங்களேன். நம்ம ஊரு நகைக்கடைக்காரன் எவன் இம்புட்டு மரியாதை காட்டுவான்?"

"ஓஹோ" என்றான் கண்ணன். "வாங்குறதுக்கு முந்தி சோதிச்சுப் பார்த்தீங்களா?"

செல்லத்தாய் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "என்னைப் பார்த்தா ஏமாளி மாதிரியா இருக்கு? உருக்கிக் காட்டுனாத்தான் வாங்குவேன்னுட்டேன். எங்க ஊர்ல மூக்குத்தி வாங்கினாக்கூட உருக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். அவரும் மூஞ்சி சுளிக்கலை. பெட்டியைத் திறந்து உருக்குற மூசையை எடுத்தாரு, கரி எடுத்தாரு, துருத்தி எடுத்தாரு. என் கண்ணு முன்னாடியே கட்டியைப் போட்டு உருக்கி, திரும்ப வார்த்துக் கொடுத்தாரு. தண்ணி மாதிரி உருகுச்சு தம்பி!"

கண்ணன் மூலைப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டான்.

"அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான் கண்ணன்.

"ஏன்?"

"உருகுச்சுன்னா அது பிளாட்டினம் இல்லை."

"உருகாட்டித்தானே போலி?"

"தங்கத்துக்கு அப்படி. வெள்ளிக்கும் அப்படி." கண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் அவனுக்குப் பசி மறந்துவிடும். பாதுஷாவுக்கு அது தெரியும். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். "ஆசாரி துருத்தி வச்சு ஊதும்போது கரி நெருப்பு சிவப்புலருந்து மஞ்சளாகும். அந்தச் சூட்டுல வெள்ளி உருகும், தங்கம் உருகும், செம்பு உருகும். பிளாட்டினம் மட்டும் சும்மா சிவந்துக்கிட்டு உக்காந்திருக்கும். அது உருகணும்னா அதைப் போல ஒண்ணரை மடங்குக்கும் மேல சூடு வேணும். அதுக்குத் தனி காஸ் வேணும், தனி அடுப்பு வேணும். மதுரை ஜில்லாவுல இருக்கிற அம்புட்டு ஆசாரியும் ஒண்ணாச் சேர்ந்து ஊதினாலும் வாய்தான் உருகும்."

"அப்ப இது?"

"எடையைப் பாருங்க. பிளாட்டினம் தங்கத்தைவிடக் கனம். அதே எடைக்குத் தங்கத்தைவிடச் சின்னதா இருக்கணும். உங்க பாம்படத்து அரக்கை எடுத்துட்டு உருக்கினா ஒரு சுண்டு விரல் அளவு தங்கம் வரும். அந்த எடைக்கு இவன் கொடுத்திருக்கிறது கட்டை விரல் அளவு. எனக்குத் தெரிஞ்சு இது ஜெர்மன் சில்வர், செம்பும் நிக்கலும் கலந்த மலிவுச் சரக்கு."

"மெதுவாப் பேசுங்கண்ணே" என்றான் பாதுஷா கண்ணைத் திறக்காமல். "ஜெர்மன்னு சொன்னாலே இப்ப உள்ள தூக்கிப் போட்டுர்றாக."

செல்லத்தாய் அழவில்லை. கட்டியைத் திரும்ப முடிந்து இடுப்பில் செருகினாள். 

"அப்பக் கொடிக்கால் போச்சு" என்றாள்.

"ஆள் இன்னும் லாட்ஜுலதான் இருக்கானா?"

"இன்னிக்குச் சாயங்கால ரயிலுக்குக் கிளம்புறாராம்."

கண்ணன் சட்டையை மாட்டினான். "மாப்ள, உன் மச்சான் கல்யாண மோதிரத்தைக் கடன் கேளு. நீ இப்பத் தோல் மண்டி முதலாளி."

"நீங்க?"

"உன் கணக்கப்பிள்ளை."

"இப்பத்தான் இந்த உத்தியோகத்துல ஒரு நியாயம் தெரியுது" என்றான் பாதுஷா.

லாட்ஜுக்கு எதிரே டீக்கடையில் இன்ஸ்பெக்டர் அழகுமலை பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார். கண்ணன் சொல்லியனுப்பியதும் அவர் வந்ததற்குக் காரணம் கடமை உணர்ச்சி அல்ல. அவருடைய சம்சாரமும் இரண்டு நாளாகப் பிளாட்டினம் என்று முனகிக்கொண்டிருந்தாள்.

"நான் மேலேயிருந்து தண்ணியை ஊத்தினா வாங்க" என்றான் கண்ணன். "அதுவரை இந்த அக்காகூடப் பேசிக்கிட்டிருங்க."

"ஏன்யா, கூப்பிட்டா வரமாட்டேனா?"

"கூப்பிட்டா அவனுக்கும் கேக்கும்."

மாடியில் மிஸ்டர் மாக்ஸ் அவர்களை வாசல் வரை வந்து வரவேற்றார். நாற்பது வயது, கட்டை மீசை, பங்குனி வெயிலில் கம்பளிக் கோட்டு. கையுறை போட்ட கையை நீட்டினார். "வெல்கம், வெல்கம். நான் டமில் லிட்டில் பேசுது."

"நாங்க நெறயப் பேசுவோம், கவலைப்படாதீங்க ஜனாப்" என்று சொல்லி பாதுஷா நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். மோதிரம் தெரிகிற மாதிரி கையை மேஜையில் வைத்தான். "யோவ் கணக்கு, தோல் விஷயம்னா எனக்குத் தெரியும். இந்த உலோக விஷயமெல்லாம் நீ கேளு. அசட்டுத்தனமாக் கேக்காதே."

கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டான்.

மாக்ஸ் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு கட்டி. அது மங்கலான வெள்ளையாக இருந்தது. அதைவிட முக்கியம், அது சுண்டு விரல் அளவுதான் இருந்தது.

பாதுஷா எடுத்தான். கை கீழே இறங்கிவிட்டது. "அல்லாவே! என்ன இம்புட்டுக் கனம்!" வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினான். திரும்ப வலக்கைக்கு மாற்றினான். முதலாளி என்பதை மறந்து உள்ளங்கையில் உருட்டி விளையாடினான்.

"படிச்ச ஆள் நீங்க. சயன்ஸ் டெஸ்ட் செய்யுது?" என்று மாக்ஸ் தானாகவே ஒரு சிறிய தராசையும், கோடு போட்ட மருந்துக் கிளாஸையும், ஒரு கூஜா தண்ணீரையும் எடுத்து வைத்தார்.

கண்ணன் கூஜாத் தண்ணீரை மோந்து பார்த்தான். சோதனையை ஏமாற்றுக்காரனே நீட்டினால் அதில் ஏதோ இருக்கிறது.

சோதனை ரொம்ப எளிது. ஒரு பொருளைத் தண்ணீரில் போட்டால் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு தண்ணீர் மேலே ஏறும். எடை தெரிந்து, ஏறிய அளவும் தெரிந்தால், என்ன உலோகம் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். கனமான உலோகம் குறைந்த இடத்தில் அதிக எடையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கொஞ்சம்தான் ஏறும். ஜெர்மன் சில்வர் என்றால் தண்ணீர் மளமளவென்று ஏறியிருக்கவேண்டும்.

ஏறவில்லை. பிளாட்டினத்துக்கு எவ்வளவு ஏறவேண்டுமோ அதைவிட ஒரு மயிரிழை மட்டும் கூட ஏறி நின்றது. கண்ணன் இரண்டாம் தரம் போட்டான். அதே மயிரிழை. கை நடுக்கம், கிளாஸில் கோடு சரியில்லை என்று விட்டுவிட்டான். வெள்ளியும் இல்லை, ஈயமும் இல்லை. அவை இதில் பாதிக் கனம்தான் வரும்.

"என்னய்யா கணக்கு, முகம் செத்துப்போச்சு?" என்றான் பாதுஷா.

"அசல் மாதிரிதான் தெரியுது முதலாளி." கண்ணன் மாக்ஸைப் பார்த்தான். "ஐயா, இதைக் கரியில போட்டு உருக்கிக் காட்டுவீங்களா?"

மாக்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். "ஓ, நோ நோ! படிச்ச ஆள் இப்படிக் கேக்குது? பிளாட்டினம் சார்கோல்ல உருகாது. வில்லேஜ் பீப்பிள்தான் உருக்கு உருக்குன்னு சொல்லுது."

கண்ணன் தலையாட்டினான். உள்ளுக்குள் ஒரு கதவு திறந்துகொண்டது. இவனுக்கு எல்லாம் தெரியும். நெருப்பை நம்புகிறவர்களுக்கு உருகுகிற கட்டி. புத்தகத்தை நம்புகிறவர்களுக்குத் தண்ணீரில் தேறுகிற கட்டி. கிராமத்து ஆள் தண்ணீர்ச் சோதனை கேட்கமாட்டான். வக்கீலும் வாத்தியாரும் உருக்கச் சொல்லமாட்டார்கள். இரண்டையும் கேட்கிற ஒருவன் இதுவரை இந்த மாடிப்படி ஏறியதில்லை.

ஆனால் இந்தக் கட்டி எதனால் ஆனது? அசல் பிளாட்டினமே வைத்திருக்கிறவன் ஜெர்மன் சில்வர் விற்று ஏன் பிழைக்கவேண்டும்?

"யா அல்லா!" பாதுஷா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "அண்ணே, என் மோதிரம்!"

முதலாளி கணக்கப்பிள்ளையை அண்ணே என்று கூப்பிட்டதை மாக்ஸ் கவனித்தார். கண்ணன் அதைக் கவனிக்கவில்லை. மோதிரத்தைத்தான் பார்த்தான். சற்று முன் மஞ்சளாக மின்னிய தங்க மோதிரத்தில், உள்ளங்கைப் பக்கம், பால் தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டு.

"என் மச்சான் என்னைக் கொன்னுபோடுவாரு. நிக்காஹ் மோதிரம்ணே! தேய்ச்சாப் போகமாட்டேங்குது!"

கண்ணன் மோதிரத்தைப் பார்த்தான். கட்டியைப் பார்த்தான். மிஸ்டர் மாக்ஸின் வெள்ளைக் கையுறையைப் பார்த்தான். பிறகு நிதானமாக மருந்துக் கிளாஸிலிருந்து கட்டியை எடுத்துவிட்டு, கிளாஸுத் தண்ணீரையும் கூஜாத் தண்ணீரையும் சேர்த்து ஜன்னல் வழியே ஊற்றினான்.

கீழே யாரோ கெட்ட வார்த்தை சொல்வது கேட்டது.

அழகுமலை மேலே வந்தபோது மீசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே செல்லத்தாய்.

"இவருதான்" என்றாள் அவள்.

"யாரு இந்த லேடி?" என்றார் மாக்ஸ். "நான் பார்த்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் சார், பில் இருக்குதா? ரசீது இருக்குதா? சாட்சி இருக்குதா?"

மூன்றும் இல்லை. அழகுமலை கண்ணனைப் பார்த்த பார்வையில், இன்னும் உலராத கூஜாத் தண்ணீரின் ஈரம் முழுவதும் இருந்தது.

"மொதல்ல இந்தக் கட்டி என்னன்னு பார்ப்போம்" என்றான் கண்ணன். "பாதரசம் தங்கத்தைத் தொட்டா ஒட்டிக்கிரும். ஒட்டிக்கிட்டு வெள்ளையாக்கிரும். இந்தக் கட்டியில தேய்ச்சிருந்த ரசம் எங்க பாதுஷா மோதிரத்துலயும் கொஞ்சம் ஏறிருச்சு. அதுக்குத்தான் ஐயா கையுறை போட்டிருக்காரு. உள்ள இருக்கிறது பிளாட்டினம் இல்லை. பிளாட்டினத்துக்குக் கிட்டத்தட்டக் கனம் வர்ற ஒரே பொருளு மதுரையில என்ன கிடைக்கும்? ஒரு மயிரிழைதான் வித்தியாசம். அந்த மயிரிழையை நான் என் கை நடுக்கம்னு நெனச்சேன். சோதனைக்கு இதை நீட்டிட்டு, பொட்டலம் கட்டுறப்ப வேற கட்டியை மாத்திருவாரு."

பேனாக்கத்தியை எடுத்து, கட்டியின் அடியில் ஒரு கீறல் போட்டான். வெள்ளைக்குள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது.

"தங்கம்" என்றாள் செல்லத்தாய். 

"யெஸ், தங்கம். என் தங்கம்" என்றார் மாக்ஸ், கொஞ்சமும் அசையாமல். "ரயில்ல திருடன் பயம். ரசம் தடவி வச்சேன். சொந்தத் தங்கத்தை வெள்ளையாக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா?"

அழகுமலை யோசித்தார். சட்டம் இல்லை.

கண்ணன் செல்லத்தாயிடம் கை நீட்டினான். அவள் முடிச்சை அவிழ்த்துத் தன் ஜெர்மன் சில்வர் கட்டியைக் கொடுத்தாள். அதைத் தராசின் ஒரு தட்டிலும் தங்கக் கட்டியை மறு தட்டிலும் வைத்தான். ஒன்று கட்டை விரல், ஒன்று சுண்டு விரல். தராசு முள் ஒரு தரம் ஆடி, நெல் முனையளவு சாய்ந்து, நடுவில் நின்றது.

"எடைக்கு எடை" என்றான் கண்ணன். "இந்த அக்கா பாம்படம் கொடுத்தாக. அதே எடைக்கு வெள்ளைக் கட்டி வாங்கினாக. பாம்படத்தை உருக்கி, வேற எதையும் கலக்காம அப்படியே வார்த்து வச்சிருக்கான்."

"தற்செயல்" என்றார் மாக்ஸ். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ரயிலுக்கு நேரமாகுது."

அழகுமலை கண்ணனை ஓரமாக இழுத்துப் போனார். "கோர்ட்டுல நிக்காதுய்யா. தங்கத்து மேல பேரா எழுதியிருக்கு? 'நான் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை'ங்கிறான். பார்த்தான்னு நிரூபிக்க என்ன வச்சிருக்க? பெட்டி கட்டிட்டான் பாரு. நான் எதைச் சொல்லி நிப்பாட்டுறது?"

மாக்ஸ் உண்மையிலேயே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். தராசு உள்ளே போயிற்று. கிளாஸ் போயிற்று. தங்கக் கட்டியை எடுத்து வெல்வெட்டில் வைத்தார். செல்லத்தாயின் கை அவளை அறியாமல் தன் காதுத் துளையைத் தடவியது.

கண்ணன் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ சொன்னான். நாலைந்து வார்த்தைகள்தான் இருக்கும். அவள் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு தன் வெள்ளைக் கட்டியை எடுத்துக்கொண்டு நேராக மாக்ஸிடம் போனாள்.

"ஐயா, நீங்க யாரோ, நான் யாரோ" என்றாள். "தங்கம் உங்கதுதான். நானும் ஒண்ணும் கேக்கலை. ஆனா இந்தக் கட்டி எனக்கு வேண்டாம். இந்தாங்க, பிடிங்க. மொத மொதல்ல வாங்கினவ திருப்பிக் கொடுத்துட்டுப் போறேன்."

மாக்ஸ் ஒரு அடி பின்னால் போனார்.

"பிடிங்கய்யா. வாசல் தாண்டுறதுக்குள்ள கையில வாங்கிக்கங்க."

மாக்ஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. அவள் இன்னும் நெருங்கினாள். கட்டியைக் கோட்டுப் பைக்குள் போடப் போனாள். அவர் துள்ளி விலகிக் கட்டிலில் இடித்துக்கொண்டார்.

"ஏ ஆத்தா, போணியைத் திருப்பாத! விளங்காமப் போயிரும்! நீதான்த்தா எனக்கு மொதப் போணி! எதை வேணாலும் கேளு, போணியை மட்டும் திருப்பிராத, நல்லா இருப்ப!"

கல்கத்தாவில் அப்படி ஒரு தமிழ் யாரும் பேசியதில்லை.

 மிஸ்டர் மாக்ஸின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. சொன்ன வார்த்தைகளைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிற மாதிரி.

"பார்த்ததே இல்லாத அம்மா எப்படிய்யா உனக்கு மொதப் போணி?" என்றார் அழகுமலை மிக இனிமையாக.

பாதுஷா அவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான். "எந்த ஊரு ஜனாப்?"

மாக்ஸ் தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் போட்டார். "பேரையூர்" என்றார். "பேரு மொக்கையன்."

அழகுமலை ஒரு விசில் அடித்தார். அந்தப் பெயரில் பக்கத்து ஜில்லாக்களிலிருந்து வந்த வாரண்டுகள் அவர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தன. விலங்கை எடுத்தபடியே கேட்டார்: "கண்ணா, இவன் நம்ம ஊரு ஆளுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையிலேயே. மூசையும் துருத்தியும் பெட்டியில தூக்கிக்கிட்டு அலையிற கல்கத்தா ஏஜெண்டை நான் கேள்விப்பட்டதில்லை. அசல் பிளாட்டினம் விக்கிறவனுக்கு அதால ஒரு உபயோகமும் இல்லை. நம்ம ஊரு ஆளுக உருக்கிப் பார்க்காம ஒரு குண்டுமணியும் வாங்கமாட்டாகன்னு தெரிஞ்சவன்தான் தயாரா வருவான். அதுவும் போக, பாம்படத்தை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டானாம். அக்கா அதை மரியாதைன்னு நெனச்சாக. வெள்ளைக்காரத் துரை வாங்கினா கையைக் குலுக்குவான். மொத வியாபாரத்தைக் கண்ணுல ஒத்துறது நம்ம கடைவீதி ஆளு. போணி மேல அம்புட்டு நம்பிக்கை இருக்கிறவன் போணித் தங்கத்தை வேற எதோடயும் கலக்கமாட்டான். அதைத் திருப்பி வாங்கவும் மாட்டான்."

"கோட்டு போட்டாலும் இந்தப் பாழாப்போன பழக்கம் போகலைங்க" என்றான் மொக்கையன். நிஜமாகவே வருத்தப்பட்டான். "பொருளு போலியா இருந்தா என்ன, போணி போணிதானே."

அழகுமலை ஜெர்மன் சில்வர் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "வழக்குக்கு இந்தப் போலியே போதும். ஏம்மா, தங்கத்தை நீங்க எடுத்துக்கங்க. ஸ்டேஷன்ல வந்து ஒரு கைநாட்டு வச்சுட்டுப் போங்க."

"எனக்குக் கையெழுத்தே தெரியும்" என்று சொல்லிச் செல்லத்தாய் வெல்வெட்டிலிருந்து கட்டியை எடுத்தாள். பிரிந்துபோய்த் திரும்பி வந்த பிள்ளையை எடுப்பது போல எடுத்துக் கட்டிக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துக் கீறலைப் பார்த்தாள்.

"இது தங்கம்னு யாரு சொன்னது?" என்றாள்.

"நான்தான் சொன்னேன்" என்றான் கண்ணன். "தண்ணியில போட்டுப் பார்த்தேனே."

"நீங்க மொதல்ல அதைப் பிளாட்டினம்னும் சொன்னீகளாமே. உங்க ஆளு இப்பத்தான் என் காதுல சொன்னாரு." அவள் கட்டியை மேஜையில் வைத்தாள். "உருக்கிக் காட்டுங்க. அப்புறம் எடுத்துக்கிறேன்."

பாதுஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது.

மொட்டை மாடியில் அடுப்பு வைத்தார்கள். ரசப் புகை மூச்சில் ஏறக்கூடாது, விஷம் என்று சொல்லிக் கண்ணன் எல்லோரையும் காற்று வருகிற பக்கமாக நிறுத்தினான். யார் ஊதுவது என்ற கேள்வி வந்தபோது அழகுமலை ஒரு கை விலங்கை மட்டும் கழற்றிவிட்டார். அந்த மாடியில் அந்த வேலை தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான்.

மொக்கையன் முகத்துக்கு ஈரத்துணி கட்டிக்கொண்டு, கம்பளிக் கோட்டோடு குத்தவைத்து, துருத்தியை அமுக்கினான். கரி சிவந்தது. மூசைக்குள் கட்டியின் வெள்ளை மெல்லக் கலைந்தது. ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. பிறகு கட்டி முழுக்க மஞ்சள். இன்னும் ஊதினான். முனைகள் மழுங்கின. கட்டி உட்கார்ந்தது. ஒரு சொட்டுச் சூரியன் மாதிரி மூசைக்குள் உருண்டு நின்றது.

செல்லத்தாய் எட்ட நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  வார்த்து, ஆறி, கையில் வாங்கியபின்தான் மூச்சு விட்டாள்.

"இப்பச் சரி" என்றாள். "காலையில மொத ஆளா அந்த நிலத்துக்காரர் வாசல்ல போயி நிப்பேன். கொழுந்தனையும் கூட்டிக்கிட்டுப் போறேன். அவனும் பார்க்கட்டும்."

"அக்கா, அந்த அடுப்பு அணையிறதுக்குள்ள என் மச்சான் மோதிரத்தையும் ஒரு வாட்டு வாட்டிக் கொடுக்கச் சொல்லுங்க" என்றான் பாதுஷா பரிதாபமாக. மொக்கையன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மோதிரத்தை வாங்கி, ஒரு கைதேர்ந்த ஆசாரியின் அக்கறையோடு இடுக்கியில் பிடித்து அனலில் காட்டினான். வெள்ளைத் திட்டு மறைந்தது.

"கூலி?" என்றான்.

"ஜெயில்ல வந்து பார்க்கும்போது பீடி வாங்கியாறேன்" என்றான் பாதுஷா.

எல்லோரும் படியிறங்கும்போது செல்லத்தாய் கண்ணனை நிறுத்தினாள். கையில் கொண்டுவந்திருந்த கூடையிலிருந்து ஈரத் துணியில் சுற்றிய ஒரு கட்டு வெற்றிலையை எடுத்து நீட்டினாள். அன்று காலையில் கிள்ளியது. நரம்பு தெரிகிற இளங்கொழுந்து. "ரொக்கம் வெள்ளிக்கிழமை கழிச்சுத் தாரேன் தம்பி. இது என் கொடிக்கால் சரக்கு. இப்ப வச்சுக்கங்க."

அந்த வாரம் முழுவதும் கருத்தக்கண்ணன் ஆபீசுக்கு வந்த முதல் வரும்படி அது. அவன் இரண்டு கையாலும் வாங்கினான். யோசிக்காமல் அதை வலக் கண்ணில் ஒத்தினான். இடக் கண்ணிலும் ஒத்தினான்.

முன்னால் விலங்கோடு இறங்கிக்கொண்டிருந்த மொக்கையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே" என்றான் பாதுஷா, "நீங்களும் கல்கத்தாவா?"